உள்ளே போன பைட்டைப் பாருங்கள்: ஃபில்டர் சோதனை பற்றிய சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றின. கோப்பு ரெப்போவுக்குள் (பதிப்புகளையெல்லாம் சேமிக்கும் களஞ்சியம்) போகும்போது ஒரு மாற்றமும், வெளியே வரும்போது அதற்கு எதிர் மாற்றமும் செய்கிற ஃபில்டர்கள். பதிப்புகளைப் பராமரிக்கும் மென்பொருளான கிட்டில் உள்ளே போகும் மாற்றம் கிளீன், வெளியே வரும் மாற்றம் ஸ்மட்ஜ். அதே வகை மென்பொருளான மெர்குரியலில் என்கோட், டிகோட். பலர் ஃபில்டரை எழுதி ஒரு கமிட் போட்டு (ரெப்போவில் ஒரு பதிப்பாகச் சேமித்து), கோப்பு திறக்கிறது என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே எந்த பைட் சேமிக்கப்பட்டது என்று பார்க்காதவரை அதைச் சோதனை என்று நான் ஏற்க மாட்டேன்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: அக்கா, எங்கள் புராஜெக்டில் ஜிஜிப் (gzip) நிரலால் சுருக்கிய தரவுக் கோப்புகள் நிறைய. கிளீனில் விரித்து, ஸ்மட்ஜில் மறுபடி சுருக்குகிறோம். இதை எப்படிச் சோதிப்பது?

யோசனை நல்லதுதான். சுருக்கிய கோப்பில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் பைட்டெல்லாம் மாறிவிடும், டெல்டா (பதிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் சேமிப்பது) எடுபடாது. விரித்து வைத்தால் கிட் தானே ஜிலிப் (zlib) என்ற சுருக்க நூலகத்தால் சுருக்கிக்கொள்ளும், பதிப்புகளுக்கு இடையே டெல்டாவும் பிடிக்கும்.

முதலில் கமிட் செய்துவிட்டு, கிட் கேட்-ஃபைல் கட்டளையால் உள்ளே இருப்பதைப் பார். படிக்கும்படியான எழுத்து வர வேண்டும். அப்புறம் ஒரு புது குளோன் (ரெப்போவின் முழு நகல்) எடுத்து, அதிலும் ஃபில்டரை அமைத்து, ஒரு கோப்பை அழித்துத் திரும்ப எடுத்து, ரீநார்மலைஸ் விருப்பத்தோடு (கிளீனை மறுபடி ஓட வைப்பது) மறுபடி ஆட் செய். கிட் ஸ்டேட்டஸ் எந்த மாற்றமும் காட்டக் கூடாது. போட்டு, எடுத்து, மறுபடி போட்டால் உள்ளே அதே பைட். இதுதான் அடிப்படைச் சோதனை.

அடுத்தது, கிளீனை இரண்டு முறை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். வெறும் கன்ஜிப் (விரிக்கும் கட்டளை) இங்கே தோற்றுவிடும், ஏற்கெனவே விரித்த கோப்பைக் கொடுத்தால் பிழை சொல்லும். அதற்குப் பதில் ஜிஜிப்புக்கு சி, டி, எஃப் மூன்று விருப்பங்களையும் சேர்த்துக் கொடு. சுருக்காத கோப்பு வந்தால் அதை அப்படியே கடத்திவிடும்.

ஸ்மட்ஜ் பக்கம் ஜிஜிப்புக்கு மைனஸ் என் விருப்பம் கட்டாயம். ஜிஜிப்பின் தலைப்பகுதியில் 4 பைட் நேரத்துக்கு ஒதுக்கியிருக்கிறது, கோப்பின் பெயரும் அதில் உட்காரலாம். மைனஸ் என் இரண்டையும் தவிர்க்கும். அதன் பிறகும் வேறு ஜிஜிப் பதிப்போ வேறு சுருக்க அளவோ இருக்கிற கணினியில் வெளியே வரும் பைட் மாறலாம். உள்ளே இருப்பது மாறாது என்பதால் கிட்டுக்குக் கவலையில்லை. ஆனால் அந்தக் கோப்புக்கு யாராவது செக்சம் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எழுதி வைத்திருந்தால் அது பொருந்தாது. அப்படிப்பட்ட கோப்புகளை ஃபில்டருக்குள் கொண்டுவராதே.

சூரமங்கலம், பயிற்சி புரோகிராமர்: இதையே மெர்குரியலில் தானியங்கிச் சோதனையாக எழுத முடியுமா அக்கா?

முடியும் தம்பி, அங்கே இன்னும் சுலபம். மெர்குரியலின் டி வகைச் சோதனைக் கோப்பில் இரண்டு இடைவெளி, டாலர் குறி, கட்டளை என்று எழுதி, கீழே எதிர்பார்க்கும் விடையை வைப்பார்கள். ரன்-டெஸ்ட்ஸ் நிரல் ஓட்டிப் பார்த்து வித்தியாசத்தைக் காட்டும். உள்ளே இருப்பதை மெர்குரியலின் ஹெச்ஜி டீபக்டேட்டா கட்டளையால் பார்க்கலாம். ஹெச்ஜி கேட் கட்டளையை டிகோட் விருப்பத்தோடும் இல்லாமலும் ஓட்டி, இரண்டு விடையையும் சோதனையில் எழுதி வை. ஜிஜிப் என்று பெயர் மட்டும் இருக்கிற சாதாரணக் கோப்பு, காலிக் கோப்பு, பாதியில் வெட்டுப்பட்ட கோப்பு, பெயரில் இடைவெளி உள்ள கோப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். ஃபில்டர்கள் உடைவது பெரும்பாலும் இந்த மாதிரி ஓரங்களில்தான்.

செவ்வாய்ப்பேட்டை, அச்சகம்: மேடம், வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்கு அடித்த பழைய விலைப்பட்டியல் எல்லாம் டிஸ்கியிலும் பாமினியிலும் இருக்கிறது. ரெப்போவில் யூனிகோடாக வைக்க வேண்டும், பழைய மென்பொருளும் ஓட வேண்டும்.

இரண்டும் யூனிகோட் அல்லாத பழைய தமிழ்க் குறியாக்கங்கள். டிஸ்கிக்கு வழி இருக்கிறது சார். 2018-இல் வந்த கிட் 2.18 முதல் வொர்க்கிங்-ட்ரீ-என்கோடிங் என்ற அட்ரிபியூட் (எந்தக் கோப்பை எப்படி நடத்துவது என்று கிட்டுக்குச் சொல்லும் குறிப்பு) உண்டு. வெளியே டிஸ்கி, உள்ளே யூடிஎஃப்-8. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்கு டிஸ்கி தெரியும். ஆனால் போய்த் திரும்பும்போது பைட் மாறுகிறதா என்று கிட் தானாகப் பார்ப்பது ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியாக்கம் ஒன்றுக்கு மட்டும்தான். கோர் செக்ரவுண்ட்ட்ரிப்என்கோடிங் அமைப்பில் டிஸ்கியையும் சேர்த்துவிடுங்கள்.

பாமினி அப்படியில்லை. அது எழுத்துருவோடு ஒட்டிய குறியாக்கம், மாற்றியை நீங்களே எழுத வேண்டும். சோதனைக்கு முதல் சொல்லாக உங்கள் தொழிலின் சொல்லையே வையுங்கள்: வெள்ளி. பாமினியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அதனால் அவசரமாக எழுதிய மாற்றி 'வெள'வை 'வௌ' என்று எடுத்து, 'வௌ்ளி' என்று துப்பிவிடும். இணையத்தில் 'வௌியீடு' என்று எத்தனை இடத்தில் பார்க்கிறோம், அதுவும் இதே கோளாறுதான். வெளி, வெள்ளம், கௌரவம், பௌர்ணமி, ஸ்ரீ எல்லாம் சோதனையில் இருக்க வேண்டும். பாமினியிலிருந்து போய்த் திரும்பியது பைட் மாறாமல் வந்ததே என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே 'வௌ்ளி' என்று கெட்டுப் போயிருந்தாலும், திரும்பும்போது அதே விசைகள்தானே கிடைக்கும்! யூனிகோட் பக்கத்தைக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.

இளம்பிள்ளை, சேலை டிசைனர்: டிசைன் படங்களை பிஎன்ஜியாக வைத்து, ஃபில்டரில் பிஎம்பியாக மாற்றினால் ரெப்போ சிறியதாகுமா?

அளந்து பாருங்கள். ஒரே டிசைனின் தொடர் பதிப்புகளை ஃபில்டர் உள்ள ரெப்போ ஒன்று, இல்லாத ரெப்போ ஒன்று என இரண்டிலும் வரிசையாகக் கமிட் செய்து, கிட் ஜிசி (ரெப்போவைச் சுருக்கி அடுக்கும் கட்டளை) ஓட்டியபின் கவுன்ட்-ஆப்ஜெக்ட்ஸ் காட்டும் பேக் அளவை ஒப்பிடுங்கள். ஜிசிக்கு முன் பார்க்கும் எண் ஏமாற்றும், அப்போது ஒவ்வொரு பதிப்பும் முழுசாகவே இருக்கும்.

ஆனாலும் ஜக்கார்டு டிசைனுக்கு நான் இந்த ஃபில்டரைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறப் பட்டியலின் வரிசையை வைத்துத்தானே எந்த நிறத்துக்கு எந்த நெசவு என்று தீர்மானிக்கிறீர்கள்? பிஎன்ஜி, பிஎம்பி என்று மாறி வரும்போது அந்த வரிசை கலைந்தால், படம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தறியில் வேறாக வரும். ஃபில்டரே இல்லாமல் பிஎம்பியாகவே வையுங்கள்.

ஏற்காடு, காபி எஸ்டேட் அலுவலகம்: சேலம் ஆபீஸில் சரியாக இருக்கிற கோப்பு, இங்கே புது லேப்டாப்பில் குளோன் செய்தால் திறக்கவில்லை.

அட்ரிபியூட்ஸ் கோப்பு குளோனோடு வரும். ஃபில்டர் கட்டளை அந்தந்தக் கணினியின் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) இருப்பதால் வராது. அது இல்லையென்றால் கிட் ஒன்றும் சொல்லாமல் பைட்டை அப்படியே கடத்திவிடும். ரிக்கொயர்ட் என்று வைத்தால் பிழை வரும்தான், ஆனால் அதுவும் கான்ஃபிக்கிலேயே இருப்பதால் புது லேப்டாப்புக்கு உதவாது. ஒரு சிறிய அமைப்பு ஸ்கிரிப்டை ரெப்போவிலேயே வைத்து, குளோன் ஆனதும் ஓட்டுங்கள். பிறகு அந்தக் கோப்புகளை அழித்துத் திரும்ப செக்-அவுட் செய்யுங்கள். இதற்குள் அங்கிருந்து கமிட் போயிருந்தால், ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் விருப்பத்தோடு ஓட்டிச் சரிசெய்யலாம், கிட் 2.16 முதல் இருக்கிறது.

அம்மாப்பேட்டை: கிட் எவ்வளவு சுருக்க வேண்டும் என்று சொல்லும் கோர் கம்ப்ரெஷனை, அதிகபட்சமான 9 என்று வைக்கலாமா?

ஜேபெக், ஜிப் நிறைந்த ரெப்போ என்றால் நேரம்தான் போகும். அவற்றுக்கு டெல்டா வேண்டாம் என்று அட்ரிபியூட்டில் எழுதுவது அதைவிடப் பயன். தமிழ் உரைக்கு இயல்பான அளவே போதும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். ஜிலிப் இதை நன்றாகவே சுருக்கிவிடும்.