மை போட்டுப் பார்த்தால் போதாதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்): லீவுக்கு வந்த என் மகள் ஒரு ஆங்கில நாவலைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். சவானா என்ற ஊரில் பேக்கரியில் வேலை செய்யும் சூனியக்காரி ஒருத்தி கொலையைத் துப்பறிகிறாளாம். மந்திரம் தெரிந்தவளுக்குத் துப்பறிய என்ன இருக்கிறது? வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தால் கொலைகாரன் முகம் தெரிந்துவிடாதா?

பதில்: நியாயமான கேள்வி. உங்கள் பக்கம் ஒரு பாதிரியாரே இருக்கிறார். ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929-ல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அதில் இரண்டாவதே பேய், மந்திரம், அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பதுதான். வாசகனும் கூடவே துப்பறிகிறான் இல்லையா, அவன் கையில் இல்லாத மை அவளிடம் மட்டும் இருந்தால் அது அழுகுணி ஆட்டம்.

உங்கள் மகள் படிப்பது அனேகமாக பெய்லி கேட்ஸின் மேஜிக்கல் பேக்கரி வரிசை. முதல் நாவல் ‘பிரௌனீஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்’, 2012-ல் வந்தது. ஒஹையோவில் ஒரு பேக்கரியில் உதவி மேனேஜராக இருந்து அலுத்துப்போன கேட்டி, ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் லூசி ஆன்ட்டியும் அவர் கணவர் பென்னும் தொடங்கும் ஹனிபீ பேக்கரிக்கு வந்து சேர்கிறாள் (ஹனிபீ என்பது ஆன்ட்டியின் பூனை பெயர்). ஆன்ட்டி மாவில் ஏதேதோ மூலிகை சேர்க்கிறாரே என்று பார்த்தால், அவர் ஒரு சூனியக்காரி, சமையல் குறிப்பெல்லாம் மந்திரம், கேட்டியும் அதே வம்சம். கடை வாசலில் ஒரு சிடுமூஞ்சி வாடிக்கையாளர் கொலையாகிறார், போலீஸ் பென் மேல் சந்தேகப்படுகிறது.

இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. போலீசிடம் போய் “என் மந்திரம் சொன்னது, இவர் கொல்லவில்லை” என்று சொன்னால் கேட்டியையும் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள். ஆதாரம் வேண்டும், அதற்கு நாலு வீடு ஏறி நாலு பேரிடம் பேச வேண்டும், யார் பொய் சொல்கிறார் என்று மண்டையைக் குடைய வேண்டும். நல்ல எழுத்தாளர் மந்திரத்தை உப்பு மாதிரி வைத்துக்கொள்வார். பன் தின்றவன் மனசு கொஞ்சம் இளகலாம், அதற்காக வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட மாட்டான். கடைசி அத்தியாயத்தில் மந்திரக்கோலை ஆட்டிக் கொலைகாரனைப் பிடிக்கிற நாவல்களும் இருக்கின்றன. அவற்றை நான் பாதியில் மூடிவிடுவேன்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): ‘கோஸி மிஸ்டரி’ என்கிறார்களே, கொலையில் என்ன கோஸி?

பதில்: கோஸி என்றால் இதமானது, கதகதப்பானது. கொலை நடக்கும், ரத்தம் தெறிக்காது. துப்பறிபவர் போலீஸ் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருவர். ஊர் சிறியது, அல்லது சிறியது போல நடந்துகொள்ளும். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்பிள் 1930-ல் முதல் நாவலுக்கு வந்ததிலிருந்து இந்த வம்சம் தழைக்கிறது. கிறிஸ்டி பெயரில் அமெரிக்காவில் தரும் அகதா விருதுக்குப் பரிசு ஒரு தேநீர்க் குடுவை. அதைவிடச் சுருக்கமாக இந்த வகையை விளக்க என்னால் முடியாது.

கேள்வி (கோவை வாசகர்): ஏன் எல்லாம் பேக்கரிக்காரியாகவே இருக்கிறார்கள்? தையல்கடை இல்லையா?

பதில்: தையல்கடை, நூல்கடை, புத்தகக்கடை எல்லாம் உண்டு சார். ஆனால் பேக்கரிக்கு ஒரு வசதி. ஊர் தூங்கும்போதே மாவு பிசைய எழுந்தாக வேண்டும், அந்த நேரத்தில் யார் எந்தச் சந்திலிருந்து வெளியே வருகிறார் என்பது அவள் கண்ணில்தான் படும். விடிந்ததும் போலீஸ்காரர், வக்கீல், செத்தவரின் மனைவி எல்லோரும் அதே கவுன்டருக்கு வந்தாக வேண்டும். நம் டீக்கடை பெஞ்சைக் கொஞ்சம் வெண்ணெய் தடவிப் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி (சேலம் வாசகி): எனக்கு மந்திரம் உப்பு மாதிரி போதாது, நிறைய வேண்டும். அப்படி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. உர்சுலா வெர்னன், டி. கிங்ஃபிஷர் என்ற புனைபெயரில் 2020-ல் வெளியிட்ட ‘எ விஸார்ட்ஸ் கைட் டு டிஃபென்சிவ் பேக்கிங்’. மோனாவுக்குப் பதினான்கு வயது, அவள் மந்திரம் ரொட்டியிடமும் பிஸ்கட்டிடமும் மட்டுமே செல்லும். ஒரு அதிகாலை ஆன்ட்டியின் பேக்கரியைத் திறந்தால் தரையில் ஒரு பெண்ணின் பிணம்.

இதில் எனக்குப் பிடித்தவன் பாப். பாப் மனிதன் இல்லை, புளித்த மாவு. நிலவறையில் வாளிக்குள் குமிழ் விட்டுக்கொண்டிருக்கிறான், எலியைக்கூடத் தின்றிருப்பானோ என்று மோனாவுக்கே சந்தேகம். மாவும் தண்ணீரும் கலந்து வைத்தால் அதிலிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகும். அதில் ஒரு பங்கு எடுத்துப் புது மாவில் கலந்து ரொட்டி சுடுவார்கள், மிச்சத்துக்குத் தினமும் தீனி போடுவார்கள். வெயில் காலத்தில் தோசை மாவு பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வழிவதைப் பார்த்தவர்களுக்கு பாப் உயிரோடு இருக்கிறான் என்று நம்ப மந்திரமே தேவையில்லை. ஆனால் கோஸி என்று நினைத்து எடுக்காதீர்கள், பாதிக்கு மேல் எதிரிப் படை வந்துவிடுகிறது, நகரத்தைக் காக்க மாவுதான் நிற்க வேண்டும். 2021-ல் இளையோர் நாவலுக்கான லோட்ஸ்டார் விருது பெற்றது.

கேள்வி (புதுச்சேரி வாசகி): இந்த மாதிரி ஒரு நாவலின் பின்பக்கத்தில் இருந்த பிஸ்கட் குறிப்பைச் செய்தேன். 350 டிகிரி என்று போட்டிருந்தது. என் ஓவன் 250-ஐத் தாண்டவில்லை, அந்த 250-லேயே கரிக்கட்டையாகிவிட்டது. ஏன்?

பதில்: அம்மா, அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் சுமார் 175 டிகிரி. அப்புறம் ‘ஒரு ஸ்டிக் வெண்ணெய்’ என்றால் 113 கிராம், ‘ஒரு கப்’ என்றால் ஏறக்குறைய 240 மில்லி, வீட்டு டம்ளர் இல்லை. கதை அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்தால் இன்னொன்று: அங்கே பிஸ்கட் என்பது டீயில் முக்குகிற பிஸ்கட் இல்லை, சூடாகப் பிட்டு வெண்ணெய் வைத்துச் சாப்பிடுகிற, மெத்தென்ற குட்டி ரொட்டி. முறுகட்டும் என்று நீங்கள் காத்திருந்தது வேறு சேர்ந்திருக்கும்.