ஏற்காட்டில் பழகி, மண்டபத்தில் எண்ணுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறேன், சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பிப்ரவரியில் 12 மாணவர்களை மண்டபம் அழைத்துப் போய், பவளப்பாறை மீன்களையும் பவளங்களையும் கணக்கெடுக்க ஆசை. முக்கால்வாசிப் பேர் கடலில் இறங்கியதே இல்லை. இங்கேயே என்ன பழகலாம்? என்ன சாமான் வேண்டும்? நாங்கள் எடுக்கும் கணக்கு யாருக்காவது உதவுமா?

பதில்: உதவும். ஆனால் கடலுக்குப் போவதற்கு முன்பே உங்கள் மாணவர்களின் கண்ணை அளந்து பார்த்திருக்க வேண்டும். இந்த வேலையில் அளவுகோல் என்பது கண்தான். மீனின் பெயர் தப்பினால் தாளில் ஒரு வரி கெடும். நீளம் தப்பினால் தாள் முழுவதுமே கெடும்.

காரணம் இதுதான். முகமூடிக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது, ஒளிவிலகலால் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 15 செ.மீ. மீன் 20 செ.மீ. போல இருக்கும். மீனின் எடையை நீளத்தைக் கொண்டு கணக்கிடுகிறோம். எடையோ ஏறக்குறைய நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு (நீளம் × நீளம் × நீளம்) கூடும். ஆகவே நீளத்தில் 10 சதவீதம் கூட்டிச் சொன்னால் எடை 33 சதவீதம் கூடிவிடும். ஒளிவிலகலைக் கழிக்காமல் அப்படியே எழுதினால் எடை 2.4 மடங்காகும். அந்தத் தாளைப் பார்ப்பவர், மன்னார் வளைகுடாவில் மீன் பெருகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இதைத் திருத்தச் சேலத்திலேயே ஒரு நீச்சல் குளம் போதும். கூட்டமில்லாத ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். 5 மி.மீ. பிவிசி பலகையில் 5 முதல் 40 செ.மீ. வரை 25 மீன் வடிவங்களை வெட்டுங்கள். கிளிமீன் போல நீண்டவை, வண்ணத்துப்பூச்சி மீன் போலத் தட்டையாக உயர்ந்தவை என இரண்டும் கலந்திருக்கட்டும். ஒரே வடிவமாக இருந்தால் கண் அதற்கு மட்டும் பழகிவிடும். பின்பக்கம் எண் எழுதி, அடியில் இரும்பு வாஷர் கட்டி, தூண்டில் நரம்பில் வெவ்வேறு உயரங்களில் தொங்கவிடுங்கள். மாணவர் 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் மிதந்தபடி நீளத்தை எழுத வேண்டும். அதற்கு மேல் தள்ளி நின்று பழகிப் பயனில்லை. மண்டபத்துத் தண்ணீரில் பல நாள் அவ்வளவு தூரம்தான் தெரியும்.

கரையேறியதும் உண்மை நீளத்தோடு ஒப்பிடுங்கள். பிழையைக் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுவது முக்கியம். எப்போதும் கூட்டியே சொல்பவரை எளிதாகத் திருத்தலாம். ஒரு மீனைக் கூட்டியும் அடுத்ததைக் குறைத்தும் சொல்பவருக்கு இன்னும் பல நாள் பயிற்சி வேண்டும். வடிவங்களின் இடத்தை மாற்றி மறுபடி செய்யுங்கள். சராசரிப் பிழை 10 சதவீதத்துக்குள் வராதவரிடம் மீன் தாளைக் கொடுக்காதீர்கள். பவளப் பக்கம் அனுப்புங்கள். நீளம் என்றால் எந்த நீளம் என்பதையும் குளத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையா, வால் பிளவு வரையா? இரண்டும் கலந்த தாளை யாராலும் சரிசெய்ய முடியாது.

அதே குளத்தில் நீச்சலையும் சோதித்துவிடுங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதக்க முடியாதவர் படகிலிருந்து இறங்க வேண்டாம். படகில் நேரம் குறிக்கவும் தாளைச் சரிபார்க்கவும் ஆள் தேவைப்படத்தான் செய்யும். ஏற்காடு ஏரியில் பழகலாமே என்று தோன்றும், வேண்டாம். கலங்கலான, படகு ஓடும் தண்ணீர் அது.

ஏற்காட்டில் செய்ய வேண்டிய பயிற்சி வேறு. காபித் தோட்டத்தில் 20 மீட்டர் நாடாவை விரியுங்கள். நாடாவின் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர், ஆக 2 மீட்டர் அகலப் பட்டையைக் கண்ணாலேயே பிடித்து, அதற்குள் வேர் கொண்ட காபிச் செடிகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பிறகு குச்சி வைத்து அளந்து பாருங்கள். பட்டைக்கு வெளியே நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்வது. கடலில் பெரிய களவா ஒன்று 2 மீட்டர் தள்ளி நின்றால் அதையும் சேர்க்கத்தான் கை துடிக்கும்.

தெளிந்த கடல்களில் 50 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று பட்டை போடுவது வழக்கம். உங்களுக்கு 20 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் போதும். தண்ணீர் கலங்கல், பாறைகளும் திட்டுத் திட்டாகக் கிடக்கும். அங்கே நீளமான இரண்டு பட்டைகளைவிடக் குட்டையான எட்டு பட்டைகள் உண்மையைச் சொல்லும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

சாமான்கள் அதிகமில்லை. நாடா கண்ணாடியிழையாக இருக்கட்டும். இரும்பு நாடா உப்பில் துருப்பிடித்துச் சுருளிலேயே ஒட்டிக்கொள்ளும். எழுத வெள்ளை பிவிசி பலகையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் 2பி பென்சில் நன்றாகப் பிடிக்கும். பென்சிலை நூலில் கட்டிவிடுங்கள். பவளத்தை மேலிருந்து படமெடுக்க, முக்கால் அங்குல பிவிசி குழாயில் நான்கு எல்போ போட்டு, உள்ளளவு 50 செ.மீ. வருமாறு சதுரச் சட்டம் செய்யுங்கள். குழாயில் ஆங்காங்கே துளையிட மறந்தால் காற்று அடைபட்டுச் சட்டம் மிதக்கும். 2 மீட்டர் நீளக் குழாய் ஒன்றை டி வடிவில் பிடித்துப் போனால் பட்டையின் அகலம் தவறாது.

அனுமதி வேலையை இன்றே தொடங்குங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் அதில் அடக்கம். ஆய்வுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். வடகடலான பாக் நீரிணைப் பக்கப் பாறைகள் பூங்காவுக்கு வெளியே இருந்தாலும், வனத்துறைக்குச் சொல்லிவிட்டே இறங்குங்கள். பிப்ரவரியில் தென்கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடைக்காற்று முழுதாக விடாவிட்டால் வடகடல் கலங்கியே கிடக்கும்.

தண்ணீரில் வரிசை இப்படி இருக்கட்டும். எண்ணுபவர் முன்னே போக, துணைக்கு வருபவர் பின்னால் நாடாவை விட்டுக்கொண்டே வர வேண்டும். முதலில் நாடாவை விரித்துவிட்டு எண்ண வந்தால், களவாவும் விளமீனும் அதற்குள் ஓடியிருக்கும். போகும்போது ஓடித்திரியும் பெரிய மீன்கள். திரும்பும்போது பவளக் கிளைக்குள் பதுங்கும் சிறு மீன்கள். பின்னாலிருந்து முந்திக்கொண்டு வரும் மீனைச் சேர்க்கக் கூடாது, அது ஏற்கெனவே எண்ணிய மீனாக இருக்கலாம். ஓரா போலக் கூட்டமாக வந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைத்த இடம் போல் எத்தனை இடம் என்று பாருங்கள். ஒரு பட்டைக்கு 8 நிமிடம் என்று வைத்தால் எல்லாருக்கும் அதே 8 நிமிடம். மெதுவாகப் போகிறவருக்கு மீன் அதிகம் தெரியும். அப்படி ஆளுக்கொரு வேகத்தில் போனால், கிடைக்கும் வித்தியாசம் ஆளுடையதா பாறையுடையதா என்று பிரிக்க முடியாது.

பவளத்துக்கு, அதே நாடாவின் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதினால் போதும்: உயிர்ப் பவளம், புதிதாகச் செத்தது, பாசி, மணல், உடைசல், வெறும் பாறை. 20 மீட்டருக்கு 40 புள்ளிகள். நாடா அலையில் ஆடினால் ஆட்டத்தின் நடுவைப் பிடியுங்கள். கண்ணுக்குப் பிடித்த பவளத்தின் மேல் வந்து நிற்கும் நொடியை அல்ல. முனையைச் செத்த பாறையில்தான் மாட்ட வேண்டும். துடுப்புக் காலால் ஊன்றி நிற்பதே கூடாது.

வெளுத்ததையும் செத்ததையும் குழப்பாமல் இருக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வெப்பம் தாளாமல் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்த பவளம் உயிரோடுதான் இருக்கும். அரையடி தூரத்தில் குனிந்து பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய தசை எலும்பை மூடியிருப்பதும், சில நேரம் சிறு உணர்கொம்புகளும் தெரியும். புதிதாகச் செத்ததில் எலும்பின் ஓட்டைகள் கூர்மையாக, வெறுமையாக இருக்கும். சில நாளில் மேலே பசும்படலம் ஏறத் தொடங்கும். மான்கொம்புப் பவளத்தின் நுனி வெள்ளையாக இருந்தால் அது வளர்ச்சி, நோயல்ல. நிறத்தைக் குறிக்க, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் நிற அட்டை இருக்கிறது: 1 முதல் 6 வரை அடர்த்தி. ஒவ்வொரு பவளத்திலும் மிக வெளிறிய இடம், மிக அடர்ந்த இடம் இரண்டையும் எழுதி, 20 பவளங்களையாவது பாருங்கள். வெள்ளையாகத் தெரிவதை மட்டும் தேடிப் போனால் ஊரே நோயாளி என்றுதான் முடிவு வரும்.

முதல் வருடத்தில் மீன் எடைக் கணக்கைத் தொடாதீர்கள் என்பது எங்கள் யோசனை. எண்ணிக்கையும் 5 செ.மீ. படிகளில் நீளமும் போதும். மீன் வகையும் கிளிமீன், களவா, வண்ணத்துப்பூச்சி மீன், ஓரா என நான்கு குடும்பங்களோடு நிற்கட்டும். பட்டைகளின் ஜிபிஎஸ் புள்ளி, ஆழம், தண்ணீர்த் தெளிவு, எண்ணியவரின் குளத்துப் பிழை எல்லாம் அதே தாளில் இருக்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் அதே புள்ளியில் மறுபடி எண்ணினால்தான் அது கண்காணிப்பு. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. போகும் முன்பே எழுதிக் கேளுங்கள். அவர்கள் முறையோடு உங்கள் முறை பொருந்தினால், உங்கள் தாளுக்கு மதிப்பு கூடும்.

கடல் இல்லாத ஊரிலிருந்தே வருடம் முழுக்கச் செய்யும் வேலையும் உண்டு. சட்டத்தின் மேலிருந்து நேராக எடுத்த படங்களில், கோரல்நெட் போன்ற இலவச இணையக் கருவியில் படத்துக்கு 25 புள்ளிகள் வைத்து அடையாளம் இடலாம். ஒரே 20 படங்களை இருவர் தனித்தனியாகப் பார்த்து, 100க்கு 90 பொருந்தும் வரை பழகட்டும். நோவா என்னும் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பின் செயற்கைக்கோள் வெப்ப வரைபடத்தை மார்ச்சிலிருந்து வாரந்தோறும் பாருங்கள். அந்த இடத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் அது ஒரு டிகிரி-வாரம். சேர்ந்த வெப்ப அளவு 4 டிகிரி-வாரத்தைத் தொட்டால் வெளுப்பு எதிர்பார்க்கலாம். 8ஐத் தாண்டினால் பவளங்கள் பெருமளவில் சாக வாய்ப்புண்டு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுப்பு கோடையில்தான் வந்தது.

திரும்பும் முன் பைகளைப் பாருங்கள். பாறை அமைக்கும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய செத்த துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான்.

உங்கள் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மேல்மட்டத்தில் மிதந்து பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. யாராவது காற்றுச் சிலிண்டரோடு மூழ்கினால், அன்றிரவே ஏற்காடு ஏறக் கூடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவதால், உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலியில் தொடங்கி முடக்குவாதம் வரை போகலாம். விமானப் பயணத்துக்குச் சொல்லும் கணக்கையே இதற்கும் வையுங்கள்: ஒரே ஒரு முறை மூழ்கியவருக்கு 12 மணி நேரம், பல முறை மூழ்கியவருக்கு 18 மணி நேரம். அந்த இரவு சேலத்திலேயே தங்கிவிட்டு, மறுநாள் மலை ஏறுங்கள்.