ட்ராக்சியோனா, டிஎஸ்ஸா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். பழைய சித்ரோன் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 1953 ட்ராக்சியோன் அவான் ஒன்றும், டிஎஸ் குடும்பத்து 1972 டி சூப்பர் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். "டிஎஸ் பக்கமே போகாதே, அந்த ஹைட்ராலிக்ஸ் உன்னைக் கடனாளி ஆக்கிவிடும்" என்கிறார் நண்பர். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் நண்பர் பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறார். டிஎஸ்ஸைக் கொல்வது ஹைட்ராலிக்ஸ் அல்ல, துரு.

பழைய டிஎஸ்களின் ஹைட்ராலிக்ஸில், அதாவது சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பில், ஓடியது சிவப்பு எண்ணெய். ஈரத்தை இழுத்துக் குழாய்களை உள்ளிருந்தே அரித்துவிடும். கெட்ட பெயர் அதனால் வந்தது. 1966 இறுதியில் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். உங்கள் 1972 வண்டி அதற்குப் பிந்தியது. போதாததற்கு, டி சூப்பரில் கியரை ஹைட்ராலிக்ஸ் மாற்றுவதில்லை, சாதாரண கிளட்சும் கியர் கம்பியும்தான். எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். பம்ப் பக்கமிருந்து சில விநாடிக்கு ஒருமுறை 'டிக்' சத்தம் வந்தால், எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கோளம் காலி. அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை.

துருவைத்தான் தேட வேண்டும். பின் ஃபெண்டர் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், டிக்கியின் தரை, இரண்டையும் கையால் தட்டிப் பாருங்கள். மேலே பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாக.

ட்ராக்சியோன் வரலாற்றில் பெரிய வண்டி, மறுக்கவில்லை. முன்சக்கர இழுவை, தனிச் சேஸி இல்லாத உடல், ஹைட்ராலிக் பிரேக், எல்லாம் 1934லேயே! அதை உருவாக்கிய செலவில் கம்பெனி அதே வருடம் திவாலாகி, டயர் கம்பெனியான மிஷலினின் கைக்குப் போனது. சாதாரண ஸ்பேனரை வைத்து வீட்டிலேயே பிரித்து மாட்டலாம் என்பதும் உண்மை. ஆனால் மூன்றே கியர், மெதுவாகப் போகும்போது கையை ஒடிக்கும் ஸ்டியரிங். சீட் பெல்ட் இல்லாமல் வந்த வண்டி, பிள்ளைகளை எப்படிக் கட்டி உட்கார வைப்பீர்கள்? உங்களுக்கு ரிப்பேர் வேலையில் ருசி இருந்து, தனியாக ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போதும் என்றால் அதை எடுங்கள். கலெக்ஷன் கார்த் கிரீஸ் (பழங்கால வண்டிக்கான பதிவுச் சான்றிதழ்) வாங்கிவிட்டால், 1960க்கு முந்தைய வண்டி என்பதால் தொழில்நுட்பப் பரிசோதனையும் கிடையாது. அதே சான்றிதழோடு டிஎஸ்ஸுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உண்டு.

குடும்பத்தோடு நெடுந்தூரம் போக ஆசை என்றால் டி சூப்பர்தான். பின்சீட்டுக்கும் பெல்ட் பொருத்தியிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். முதலீடு என்று நினைத்து இரண்டையுமே வாங்காதீர்கள்.

விற்பவர் ஃபெண்டரைக் கழற்ற மறுத்தால்? பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அப்புறம் ட்ராக்சியோனைப் பார்க்கப் போனால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் 'கடகட'வென்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு போய்விட்டது, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.