சட்டம் படிக்க வருகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் டூ முடித்தவர்கள், வேறு பட்டம் வாங்கிவிட்டு எல்எல்.பி. சேர நினைப்பவர்கள், கடைசி வருடத்தில் அடுத்து என்ன என்று தவிப்பவர்கள் எனப் பலர் கேட்ட கேள்விகள் இவை. நான் கீழமை நீதிமன்றங்களில் சிவில், கிரிமினல் இரண்டும் பார்க்கும் வழக்கறிஞர். ஜூனியர்களும் இன்டர்ன்ஷிப் மாணவர்களும் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தக் கல்லூரி நல்லது என்றுதான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் படிப்பது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பதால் அங்கே நீளமாகவே பேசப்போகிறேன்.

கேள்வி: பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தேன். சட்டம் படிக்க முடியுமா மேடம்? ஐந்து வருடப் படிப்பா, டிகிரி முடித்துவிட்டு மூன்று வருடமா?

எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அதன்கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்து வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் போகும். அந்தத் தேர்வுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான பத்திகளை வேகமாக, பிசகாமல் படிக்கத் தெரிய வேண்டும்.

ஐந்தா மூன்றா என்றால், வழக்கறிஞராகப் பார் கவுன்சிலில் பதிவு செய்யும்போது இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். வக்கீலாகத்தான் போகிறோம் என்பதில் உறுதியாக இருந்தால் ஐந்து வருடம் சேருங்கள், ஒரு வருடம் மிச்சம். தயக்கம் இருந்தால் பிடித்த பட்டத்தை முதலில் முடியுங்கள். வணிகவியல் படித்துவிட்டு வருகிறவர் வரி வழக்குகளிலும், பொறியியல் படித்தவர் காப்புரிமை வழக்குகளிலும் முன்னால் போவதைப் பார்க்கிறேன். அந்த மூன்று நான்கு வருடம் வீணாகாது.

கேள்வி: எனக்கு 34 வயது. ஐடி வேலையில் இருக்கிறேன். வேலையை விடாமல் மாலை நேரத்திலோ தொலைதூரக் கல்வியிலோ எல்எல்.பி. படிக்கலாமா?

தொலைதூரக் கல்வியில் வாங்கும் எல்எல்.பி.யை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. யாராவது முடியும் என்று விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முறையான வகுப்புக்குப் போக வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதி. முழுநேர வேலையில் இருந்துகொண்டு இதைச் சமாளிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வயது தடையில்லை. மூன்று வருடப் படிப்புக்கு 30 வயது என்று அந்த விதியில் இருந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்தி வைத்தது. அப்புறம் இன்னொன்று: பத்தாவது, பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு எல்எல்.பி. சேரத் தகுதி இல்லை. உங்களுக்கு அந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் இதைத் தெரியாமல் சேர்ந்து, பதிவு செய்யும் நேரத்தில் அழுதவர்கள் உண்டு.

பதிவு செய்த பிறகு சம்பள வேலையும் வக்கீல் தொழிலும் சேர்ந்து பார்க்க முடியாது. படிப்புக்கு மூன்று வருடம், அதற்குப் பிறகு வருமானம் குறைவாக வரும் இரண்டு மூன்று வருடம். இந்த ஐந்தாறு வருடத்தை வீடு தாங்குமா என்று துணைவியாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத் தீர்ப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஒதுங்கிக்கொள்ளட்டுமா?

ஒதுங்காதே தம்பி. மாவட்ட முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் சாட்சி சொல்வது தமிழில், பதிவாவதும் தமிழில். வழக்குப் போடுபவர் தன் கோரிக்கையை எழுதித் தரும் வழக்குரையைத் தமிழிலேயே தாக்கல் செய்யலாம். கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடித்து, அதை நல்ல தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்குக் கீழ்க்கோர்ட்டில் பஞ்சம். உன் தமிழ் உனக்குச் சொத்து.

அதே சமயம் ஆங்கிலம் வேண்டாம் என்று சொன்னால் உன்னை நான் ஏமாற்றியதாகும். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் ஆங்கிலம்தான். ஆகவே கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குத் தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போகத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தீர்ப்பு போதும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் வழக்கின் சங்கதிகள் வரும் பகுதியை மட்டும் படி. யார், யார்மீது, என்ன கேட்டு வந்தார் என்று தமிழில் ஐந்து வரி எழுது. அப்புறம் தமிழ்ப் பிரதியோடு ஒத்துப்பார். ஒரு வருடம் விடாமல் செய்தால் பயம் போய்விடும். சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. இரண்டு மொழியும் வந்தவனுக்குத்தான் அது பலம்.

கேள்வி: கைடு வாங்கிப் படித்தாலே பாஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள். அப்படியானால் சட்டப் புத்தகத்தை எதற்காகப் படிக்க வேண்டும்?

பாஸ் ஆகலாம், உண்மைதான். ஆனால் கைடில் படித்தவர் யார் என்பது கோர்ட்டில் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீதிபதி கேட்பது பிரிவில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி. கைடு அந்தச் சொல்லைத்தான் விழுங்கியிருக்கும்.

திருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிசி என்ற பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு. கைடில் 'பிறர் பொருளை எடுப்பது திருட்டு' என்று இருக்கும். பிரிவைப் படியுங்கள். அசையும் சொத்தாக இருக்க வேண்டும். ஒருவரது உடைமையில் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. நேர்மையற்ற எண்ணம் வேண்டும். அந்த எண்ணத்தோடு பொருளை நகர்த்தியிருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் திருட்டு இல்லை. இப்போது கவனியுங்கள், 'சொந்தக்காரர்' என்ற சொல்லே அங்கு இல்லை, 'உடைமை' என்றுதான் இருக்கிறது. அதனால் என்ன ஆகிறது? பிரிவுக்குக் கீழே உள்ள விளக்க உதாரணத்தைப் பாருங்கள். ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார். கூலி பாக்கிக்கு ஈடாகப் பழுதுபார்த்தவர் அதைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். அந்த ஈட்டைக் கெடுக்கும் எண்ணத்தோடு இவர் தன் கடிகாரத்தையே எடுத்துக்கொண்டு போனால், அதுவும் திருட்டு! தன் பொருளைத் தானே திருட முடியும் என்று எந்தக் கைடும் உங்கள் மனதில் பதிய வைக்காது. இன்னொரு உதாரணம், நிலத்தில் நிற்கும் மரம் அசையும் சொத்து இல்லை, ஆனால் திருடும் எண்ணத்தோடு வெட்டிய அந்த நொடியே திருட்டு ஆகிவிடுகிறது.

தினமும் ஒரு பிரிவு. அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து நோட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் உறுப்பையும் எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பேன் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையே இதுதான். குறுக்கு விசாரணைக்கான கேள்விகளும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

கேள்வி: தீர்ப்பைப் படிக்க ஏதாவது முறை இருக்கிறதா? கேசவானந்த பாரதி தீர்ப்பைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன்.

அதை முதலில் எடுத்திருக்க வேண்டாம். நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்று 1973இல் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்று முடிந்த வழக்கு. நூற்றுக்கணக்கான பக்கங்கள். பத்துப் பதினைந்து பக்கத் தீர்ப்பில் தொடங்குங்கள். நீதிமன்றம் முன்னால் இருந்த கேள்வி என்ன, எந்தக் காரணம் இல்லாமல் அதைத் தீர்த்திருக்க முடியாது, போகிற போக்கில் சொன்னது எது. இந்த மூன்றையும் பிரித்து எடுங்கள். நடுவில் உள்ளதுதான் மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். மூன்றாவதை மேற்கோள் காட்டிவிட்டு எதிர்த்தரப்பிடம் மாட்டிக்கொள்பவர்கள் தினமும் உண்டு.

கேள்வி: இனி ஐபிசியைப் படிக்க வேண்டாம்தானே?

வேண்டும். புதிய மூன்று குற்றவியல் சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு ஐபிசிதான், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் கோர்ட்டில் இருக்கும். நூற்றைம்பது ஆண்டுத் தீர்ப்புகளும் பழைய எண்களில்தான் கிடக்கின்றன. கொலைக்கு 302 இப்போது 103, மோசடிக்கு 420 இப்போது 318(4). இப்படி ஓர் ஒப்புப் பட்டியலை நீங்களே கையால் எழுதுங்கள், எழுதும்போதே மனதில் நிற்கும்.

கேள்வி: மேடையில் பேசக் கூச்சம். மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சியைத் தவிர்க்கலாமா?

தவிர்க்காதீர்கள். கூச்சத்தோடு வாதாடி ஜெயிக்கும் வக்கீல்கள் நிறைய. நீதிபதிக்கு வேண்டியது கேட்ட கேள்விக்குப் பதில், மேடைப் பேச்சு இல்லை.

கேள்வி: இன்டர்ன்ஷிப் போனேன். ஜெராக்ஸ் எடுத்ததும் கேஸ் கட்டு தூக்கியதும்தான் மிச்சம். எல்லா அலுவலகமும் இப்படித்தானா?

பல அலுவலகங்கள் அப்படித்தான், அது வருத்தமான விஷயம். மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருடத்துக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று விதி இருக்கிறது. சான்றிதழ் வாங்குவதற்காகப் போனால் மாணவருக்கும் ஒன்றும் கிடைக்காது, அலுவலகத்துக்கும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. 'ஒரே ஒரு கேஸ் கட்டை ஆரம்பத்திலிருந்து படிக்கட்டுமா சார்' என்று சீனியரிடம் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். கடன் வசூல் வழக்காக இருந்தால் நல்லது, சின்னது. உள்ளே வக்கீலை நியமிக்கும் வக்காலத்து, வழக்குரை, அதற்கு எதிர்த்தரப்பின் பதிலான எதிர்வழக்குரை, கடன் வாங்கியவர் எழுதிக்கொடுத்த புரோநோட்டு, அறிவிப்புக் கடிதம் எல்லாம் இருக்கும். முதலில் நோட்டின் தேதியைப் பாருங்கள். 10.6.2022 என்று வைத்துக்கொள்வோம். கேட்டபோது கொடுக்கும் புரோநோட்டுக்கு வழக்குப் போடும் காலவரையறை அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம். வழக்கு 2025 செப்டம்பரில் போட்டிருக்கிறார்கள். காலம் கடந்துவிட்டதே? நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வரவு எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அது மூன்று வருடத்துக்குள் கட்டியதாக இருந்தால், அங்கிருந்து கணக்குப் புதிதாகத் தொடங்கும். சரி, எதிர்வழக்குரையில் பிரதிவாதி என்ன சொல்கிறார்? 'அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை.' முழு வழக்கும் அந்த இரண்டு வரி வரவில் வந்து நிற்கிறது. இதை உங்கள் கையால் கண்டுபிடித்த அன்று, கால வரையறைச் சட்டம் பாடமாக இருக்காது. அடுத்த வாய்தாவுக்கு நீங்களே ஆசையாகப் போவீர்கள்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் பதிவு, தேர்வு எல்லாம் எப்படி? கட்டணம் எக்கச்சக்கமாகக் கேட்கிறார்களாமே?

1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கொள்குறிக் கேள்விகள், மைனஸ் மதிப்பெண் இல்லை, குறிப்பு எழுதாத சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். புத்தகத்தைப் புரட்டிப் பழகியவர்களுக்குக் கஷ்டமே இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் வக்கீல் இல்லை. ஜூனியராகச் சேர்ந்தால் என்ன கொடுப்பார்கள்?

இதுதான் நிறையப் பேரைத் தொழிலை விட்டே விரட்டும் கேள்வி. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது ஜூனியருக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. நடைமுறையில் பல அலுவலகங்களில் அந்தத் தொகை இன்னும் வரவில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு பஸ் காசுகூடக் கொடுக்காமல் இருப்பதைப் 'பயிற்சி' என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

சேருவதற்கு முன் கூச்சப்படாமல் கேளுங்கள். சீனியரின் பேரைப் பார்க்காதீர்கள், அவருடைய பழைய ஜூனியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று வருடம் இருந்தவர் தனியாக ஒரு சாட்சியை விசாரித்திருக்கிறாரா? அவர் பேரில் வக்காலத்து இருக்கிறதா? இல்லையென்றால் வேறு அலுவலகம் தேடுங்கள்.

கேள்வி: கடைசி வருடம் முடித்தவுடன் சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாமா?

இனி முடியாது. மூன்று வருடம் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தற்காலிகமாகப் பதிவு செய்த தேதியிலிருந்து கணக்கு, நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும். அதற்காகப் பேருக்குப் பதிவு செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள். பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதை நீதித்துறை அதிகாரி ஏற்க வேண்டும். உதவி அரசு வழக்கறிஞர் பதவிக்கும் கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருடம் வேண்டும்.

கேள்வி: கிரிமினல் பக்கம் போக ஆசை. 'பெண்பிள்ளைக்கு அது வேண்டாம்' என்கிறார் அப்பா. என்ன சொல்வது?

அப்பாவை ஒருநாள் மகளிர் நீதிமன்றத்துக்கோ, குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ நீதிமன்றத்துக்கோ வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள். அங்கே வரும் தாயும் குழந்தையும் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று அவருக்கே புரியும். பெண்கள் வழக்காட இருந்த தடை சட்டப்படி நீங்கியது 1923இல். நூறு வருடம் கழித்தும் குடும்ப வழக்கு மட்டும் பாரம்மா என்று நம்மை ஒதுக்குகிறார்கள். பாதுகாப்பு பற்றிய அவர் கவலை நியாயமானது. இரவு நேர ஸ்டேஷன் வேலைக்குத் தனியாக அனுப்பாத அலுவலகத்தில் சேருங்கள், அதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆசையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது. அதற்குள் என்ன செய்யட்டும்?

அரசமைப்புச் சட்டம் ஒரு பிரதி வாங்குங்கள், உரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் பிரதி. அடிப்படை உரிமைகள் பகுதியை மட்டும் படியுங்கள். அப்புறம் பக்கத்தில் உள்ள நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பாலியல் குற்ற வழக்கு போன்றவற்றில் மூடிய அறை விசாரணை இருக்கும், வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். காலை பத்தரைக்கு வழக்குகளைக் கூப்பிடும் நேரத்திலேயே இருங்கள், மதியம் சாட்சி விசாரணை நடந்தால் அதையும் பாருங்கள். போனை அணைத்துவிடுங்கள்.