கிளிநொச்சியில் வீடு கட்டப்போகிறேன், வளவில் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

அரை ஏக்கர் வாங்கியிருக்கிறேன், மதிலா கிணறா முதலில் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முதல் தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள். காணியை ஆவணி வெயிலில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரம் வன்னியில் எல்லாக் காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும். மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வளவில் விசாரியுங்கள். வீட்டின் நிலமட்டம் அதற்கு மேல் 2 அடியாவது இருக்க வேண்டும்.

மேடாக்க மலிவு என்று வயல் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும். கிரவல் (சரளை மண்) போட்டு, 6 அங்குலத்துக்கு ஒருக்கால் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி மேற்பக்கத்தை மட்டும் இடித்தால் அடுத்த மாரியோடு உள்ளே தாழும், சுவரோரம் சீமெந்து நிலம் பிளக்கும்.

1000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லீற்றர் தண்ணீர். கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் அத்திவாரத்தடியில் விழுந்து மண்ணை அரிக்கும். பீலி போட்டாலும் வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்தில் சீமெந்துத் தளம் வேண்டும். அது வெளிப்பக்கமாக ஒன்றரை அங்குலம் சரியட்டும். தளம் சுவரோடு சேரும் பொருத்தில்தான் முதலில் வெடிக்கும், அதைத் தாரால் அடையுங்கள். பூக்கன்று வைக்கிறோம் என்று சுவரோடு மண் அணைக்கக் கூடாது. அத்திவாரக் கட்டு 6 அங்குலமாவது வெளியே தெரிந்தால்தான் கறையான் ஏறும் மண்குழாய் கண்ணில் படும். விறகையும் மிச்சப் பலகையையும் சுவரில் சாத்தி அடுக்குவது கறையானுக்கு ஏணி வைத்துக் கொடுப்பது போல.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடிக்குக் குறையக் கூடாது, 60 அடி நல்லது. குழி தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். அயலவரின் குழி உங்கள் வேலியோரம் எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். ஈசான மூலையில்தான் கிணறு என்று சிலர் விடாப்பிடியாக நிற்பார்கள். நான் வாஸ்துவைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அந்த மூலைக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி இருந்தால் கிணற்றைத் தள்ளித்தான் வெட்ட வேண்டும். குழியையும் கோடையில் வெட்டி ஆழத்தைத் தீர்மானிக்காதீர்கள். மாரியில் நிலத்தடி நீர் ஏறி குழியின் அடியைத் தொட்டால் உள்ளிருப்பது ஊறாது, மலசலகூடக் கோப்பை வழியே திரும்பி வரும். கிணற்றுக்கட்டு 3 அடி உயரமும் சுற்றிவர 4 அடி சீமெந்துத் தளமும் இருந்தால் மேல்வெள்ளம் உள்ளே இறங்காது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஊர் ரோட்டுகளைத் திருத்தும்போது பழையதைக் கிளறாமல் மேலே மேலே போட்டு உயர்த்துகிறார்கள். மதகுக் குழாய் வைப்பதில்லை, வைத்தாலும் சின்னன். ரோட்டுக்குக் கீழே போன வீடுகளுக்குள் வெள்ளம் வந்தால் வீட்டுக்காரர்தான் பிழையாம். இது பெரிய அநியாயம். உங்கள் காணிக்கு முன்னால் ரோட்டு இன்னும் திருத்தப்படவில்லை என்றால், அது ஓர் அடி உயரும் என்று கணக்கு வைத்தே நிலமட்டத்தைத் தீர்மானியுங்கள்.

மதிலை அவசரப்படாமல் கட்டலாம். கட்டும்போது தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் போக அடியில் துவாரம் விடுங்கள், இல்லையென்றால் தேங்கி நின்று மதிலையே சரிக்கும். அதுவரை வேலிக்குக் கிளுவைக் கதியால் (உயிர்த் தடி) போதும். முதல் மழையோடு நட்டால் தானாக வேர்விடும்.