சவுக்கு நிழலில் ரயர் மாற்றலாமா? கேள்வி பதில்

காரைநகர் கசூரினாக் கடற்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடப்போகிறோம் என்ற செய்தி பரவியதிலிருந்து எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ரயரைப் பற்றியவை. காரணம் விளங்குகிறது. கொழும்பிலிருந்து புறப்படுகிறவர் யாழ்ப்பாணம் சேர்வதற்குள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடிவிடுவார். பிறகு தீவுப் பக்கம், பருத்தித்துறைப் பக்கம் என்று சுற்றித் திரிந்துவிட்டு அதே தூரம் திரும்ப வேண்டும். புது ரயரைப் பின் சீற்றில் கட்டிக்கொண்டு வந்து சவுக்கு நிழலில் தாமே மாற்ற நினைக்கிறவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் சேர்த்துத் தருகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: அண்ணா, என் பல்சரின் பின் ரயர் முடியும் தறுவாயில் இருக்கிறது. அங்கே வந்து மாற்றவா, இங்கேயே மாற்றிவிட்டு வரவா?

ரயரின் பள்ளங்களுக்குள் சிறிய ரப்பர் மேடுகள் இருக்கும். அவைதான் தேய்வுக் குறிகள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை, கொழும்பிலேயே மாற்றிவிட்டு வாருங்கள். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் இருட்டில் கடை தேடுவது வீரமல்ல. குறிக்கு மேலே இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் கட்டிக்கொண்டு வரலாம். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவையாவது சில்லைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாதவர் முதலில் வீட்டு முற்றத்தில் பழைய ரயரையே கழற்றித் திரும்பப் பூட்டிப் பார்க்கட்டும். கடற்கரையில் இருபது பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்லும்போது எதையும் புதிதாகக் கற்க முடியாது.

கிளிநொச்சியிலிருந்து: என்னென்ன சாமான் கொண்டுவர வேண்டும்?

ரயரை நெம்பும் லீவர் மூன்று. இரண்டு போதும் என்பவர்கள் மூன்றாவதைப் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்குகிறவர்கள். முனை தட்டையாகவும் உருண்டையாகவும் இருக்க வேண்டும். ஸ்குறூ டிரைவரால் நெம்புகிறவரை என் பக்கத்தில் விடமாட்டேன். அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், வால்வின் உள்ளூசியைக் கழற்றும் சாவி, காற்று அளக்கும் மானி, பம்பு, சவர்க்காரம், ரியூப் உள்ள சில்லு என்றால் முகப்பவுடர். எல்லாவற்றையும் விட முக்கியம் ஒரு தரப்பாள். கசூரினா மணல் அழகுதான். ஆனால் சில்லுப் பெயாரிங்குக்குள் ஒரு சிட்டிகை போனால் அடுத்த மாதம் அது சத்தம் போட்டுத் தன் இருப்பைச் சொல்லும். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கில் தரப்பாளில் அடுக்கி வையுங்கள்.

நடு ஸ்ராண்ட் இல்லாத வண்டி என்றால் ஒரு பனங்குற்றி போதும். பக்க ஸ்ராண்டில் நிறுத்தி, மறுபக்கம் சட்டத்துக்குக் கீழே குற்றியை முட்டுக் கொடுத்தால் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். மணலில் ஸ்ராண்ட் புதையாமல் அடியில் ஒரு பலகை வைக்கவும்.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கை: என்னிடம் இருப்பது ஸ்பிளெண்டர். மாற்றும் முறையைப் படித்துவிட்டேன். ஆனால் எனக்கு அந்தளவு கைப்பலம் இல்லை. என்னால் முடியுமா?

முடியும் தங்கச்சி. உண்மையைச் சொன்னால், கைப்பலம் உள்ளவர்கள்தான் றிம்மை வளைக்கிறார்கள், ரியூப்பைக் கிழிக்கிறார்கள், லீவர் தெறித்து முகத்தில் அடி வாங்குகிறார்கள்.

ரயரின் இரு ஓரங்களிலும் உள்ளே உருக்குக் கம்பி ஓடுகிறது. அது இழுபடாது. றிம்மின் வெளி விளிம்பின் சுற்றளவு அந்த ஓரத்தின் சுற்றளவை விடப் பெரியது. அப்படியானால் ரயர் எப்படி வெளியே வரும்? றிம்மைக் குறுக்காகப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பக்கத்து ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கிறது. இறுக்கமான காப்பைக் கையில் ஏற்றும்போது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடிப்பீர்களே, அதே வித்தை.

ஆகவே லீவர் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நெம்பாதீர்கள். அதற்கு நேர் எதிரே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு முழங்கால்களையும் ஊன்றி ஓரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்திருங்கள். லீவரை ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை தூரம்தான் நகர்த்த வேண்டும். பெரிய கவ்வு கவ்வினால் பெரிய பலம் வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் ரியூப்பின் தண்டு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். எனவே கழற்றும்போது வால்வுப் பக்கத்தில் தொடங்குங்கள், பூட்டும்போது வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கம் தடையின்றிப் பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

கடைசிப் பிடி வரவில்லை என்றால் இன்னும் பலமாக நெம்ப வேண்டும் என்று பொருளல்ல. எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்று பொருள். நிறுத்தி, அழுத்தி, மறுபடி தொடங்குங்கள். உங்களுடைய 18 அங்குலச் சில்லும் ஒடுங்கிய ரயரும் கற்றுக்கொள்ள மிக நல்ல சோடி. இன்னொன்று: புது ரயரைத் தொடங்குவதற்கு முன் அரை மணித்தியாலம் வெயிலில் போட்டுவிடுங்கள். நம்மூர் மத்தியான வெயில் ரப்பரை இளக்கித் தரும். அதற்குக் காசும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து: லீவருக்கு வருவதற்கு முன்பே நான் தோற்றுவிடுகிறேன். பழைய ரயர் றிம்மோடு ஒட்டிக்கொண்டு விடுபடவே இல்லை. ஏறி மிதித்தும் பார்த்தேன்.

காற்று முழுதும் போய்விட்டதா? வால்வின் உள்ளூசியைக் கழற்றினால்தான் முழுதும் போகும். அதன் பிறகும் ஒட்டியிருந்தால், கூட்டத்துக்கு வந்ததன் பயன் இங்கேதான். சில்லைத் தரப்பாளில் படுக்கப் போடுங்கள். டிஸ்க் உள்ள சில்லு என்றால் டிஸ்க் மேலே இருக்கட்டும். நண்பரின் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பக்க ஸ்ராண்டின் பாதம் றிம்மின் விளிம்பை ஒட்டி ரயரின் மேல் நிற்கும்படி வையுங்கள். இருவர் பிடித்துக்கொள்ள, வண்டியை மெல்ல அந்தப் பக்கம் சாய்த்தால் அதன் பாரம் முழுதும் ஸ்ராண்டில் இறங்கும்; ஓரம் விடுபட்டுவிடும். றிம்மின் மேலோ டிஸ்க்கின் மேலோ ஸ்ராண்ட் வழுக்கி ஏறக்கூடாது. ஒரு ஆள் அதை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். தனியாக இருக்கிறவர் தச்சர்கள் வைத்திருக்கும் பெரிய ஜி கிளாம்பால் இதையே செய்யலாம்.

அதே நண்பர்: கிரீஸ் பூசினால் சுலபமாக வருமே?

வரும். பிறகு ஓட்டத்திலும் அதே சுலபத்தோடு ரயர் றிம்மில் வழுக்கிச் சுழலும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் ரயர் நகர்ந்தால் ரியூப்பும் கூடவே நகர்ந்து வால்வுத் தண்டு அடியோடு கிழியும். தவிர, பெற்றோலியத்தில் பிறந்த எண்ணெய் எதுவும் ரப்பருக்கு ஆகாது. சவர்க்காரத் தண்ணீர்தான். பூட்டும்வரை வழுக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

மானிப்பாயிலிருந்து: புது ரியூப் போட்டுக் காற்றடித்தேன். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. கடைக்காரர் மட்டமான ரியூப்பைத் தந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ரியூப்பைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி ஓட்டையைப் பாருங்கள். றிம்முக்குப் பக்கமாகச் சிறு கீறலோ, அருகருகே இரண்டு கீறல்களோ இருந்தால் அது உங்கள் லீவர் கடித்த கடி. ரியூப்பை உள்ளே வைக்கும் முன் அது உருண்டை வடிவம் கொள்ளும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்துக்கொள்ளுங்கள். மடியாது, லீவருக்குக் கீழே மாட்டாது. முகப்பவுடர் தூவினால் உள்ளே தாராளமாக நகரும். லீவரின் முனை ரயரின் ஓரத்தைத் தாண்டி ஆழமாகப் போகக் கூடாது.

ஓட்டை வெளிப்புறமாக ஒற்றைப் புள்ளி போல இருந்தால் பழைய முள் இன்னும் ரயருக்குள்ளேயே இருக்கிறது. நம் ஒழுங்கைகளில் முள்ளுக்கா பஞ்சம்? ரயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் தடவுங்கள், வெறுங்கையால் வேண்டாம். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள். கம்பிச் சில்லு என்றால் கம்பி முனைகளை மூடும் ரப்பர் நாடா சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியில் வால்வுத் தண்டின் நட்டை றிம்மோடு முறுக்கி இறுக்காதீர்கள். அதை மேலே மூடியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். ரயர் நகரத் தொடங்கினால் தண்டு சாய்ந்து காட்டிக்கொடுக்கும்.

நல்லூரிலிருந்து: என்னுடையது யமஹா எப்.இசட். ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ரயர். ரயரைப் போட்டுவிட்டேன், காற்று நிற்கவே இல்லை. எல்லாப் பக்கத்தாலும் போகிறது.

ரியூப்லெஸ் ரயரின் இரு ஓரங்களும் றிம்மின் விளிம்புகளில் போய் உட்கார்ந்தால்தான் காற்று அடைபடும். அவை உட்கார வேண்டுமென்றால் காற்று கசியும் வேகத்தை விட உள்ளே வரும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். கைப்பம்பால் அது பெரும்பாலும் நடக்காது. வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு கொம்பிரசரால் அடித்துப் பாருங்கள், பாதை அகலமாகும். ரயரின் நடுவைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டி இறுக்கினால் ஓரங்கள் வெளியே தள்ளப்பட்டு இன்னும் உதவும். முகாமில் கொம்பிரசர் இல்லையென்றால் சில்லை மட்டும் எடுத்துக்கொண்டு பொன்னாலைப் பாலம் தாண்டி வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ரயர் கடைக்குப் போய் வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உட்காரும்போது ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்பதற்காக அடித்துக்கொண்டே போகக் கூடாது. ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் நிறுத்தி, காற்றை இறக்கி, மறுபடி சவர்க்காரம் பூசித் தொடங்குங்கள். பக்கச்சுவரில் றிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிவர ஒரே அளவில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. பெற்றோல் ஊற்றித் தீ வைத்து உட்கார வைக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு எவரும் என் கண் முன்னால் லைட்டரை எடுக்க வேண்டாம்.

வவுனியாவிலிருந்து: ரயரில் மஞ்சள் புள்ளி, அம்புக்குறி, பிறகு நான்கு இலக்கம். எது எதற்கு?

அம்புக்குறி ரயர் முன்னோக்கி உருளும் திசை. அதை மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு கவனித்தால் முழு வேலையும் மறுபடி. மஞ்சள் புள்ளி பெரும்பாலும் ரயரின் பாரம் குறைந்த இடம். அதை வால்வுக்கு நேரே வைப்பார்கள். நான்கு இலக்கம் பிறந்த நாள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் மலிவு என்று சொல்லி நீட்டினால் முதலில் இதைப் பாருங்கள். பல வருடம் தட்டில் கிடந்து இறுகிய ரயர் பார்வைக்குப் புதிதுதான், மழைத் தெருவில் பிடிக்காது.

திருகோணமலையிலிருந்து: மணற்காட்டு மணல் மேட்டில் ஓட ஆசை. காற்றைக் குறைக்கலாமா?

கொஞ்சம் குறைக்கலாம். ரியூப் உள்ள வண்டியில் அளவு மீறினால் மேலே சொன்ன வால்வுக் கிழிசல்தான் வரும். தெருவுக்கு ஏறும் முன் திரும்ப அடித்துவிடுங்கள். 150 சிசி வண்டிகள் பலவற்றுக்கு முன்னே 25, பின்னே 28, இருவர் ஏறினால் பின்னே 32 பி.எஸ்.ஐ. என்ற கணக்கு, உங்கள் வண்டிக்குரியது கையேட்டில் இருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து: ரயர் மாற்றியாயிற்று. சில்லைப் பூட்டியதும் கிளம்பலாமா?

கிளம்பக் கூடாது. ரயர் வேலையில் நடக்கும் விபத்துகள் ரயரால் வருவது குறைவு. திரும்பப் பூட்டாமல் விட்டதால் வருவதே கூடுதல். பின்னே டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டைப் பிடித்து நிற்கும் நீளக் கம்பியின் நட்டைப் பாருங்கள். அது இல்லாமல் பிரேக் மிதித்தால் தட்டே சுழன்று சில்லு இறுகிவிடும். செயினின் தளர்வைக் கையேட்டின்படி வைத்து, இரு பக்க அளவுக் கோடுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அச்சு நட்டை இறுக்குங்கள். நட்டு கழலாமல் அச்சின் ஊடே செருகும் கொட்டர் பின் இருந்தால் புதிது போடுங்கள்.

டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு: சில்லு வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. சிறுவர்கள் ஓடித் திரியும் இடத்தில் கட்டாயம் ஒருவர் பிடிப்பார். ஆகவே டிஸ்க்கைக் கவ்வும் இரு பிரேக் பாட்களுக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். பூட்டிய பிறகு, ஓடுவதற்கு முன், கைப்பிடி இறுகும்வரை பல தடவை பிடித்து விடுங்கள். முதல் பிடி வெறுமையாகத்தான் இருக்கும். அதைச் சந்தியில் கண்டுபிடிக்க வேண்டாம்.

புது ரயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு வளைவில் சாய்வதையும் சடுதியாகப் பிரேக் பிடிப்பதையும் தவிருங்கள். பண்ணைப் பாலத்துக் காற்றில் சாகசம் காட்டுவதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுன்னாகத்திலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, என்னிடம் பழைய ஹொண்டா எம்.டி. 90 இருக்கிறது, கம்பிச் சில்லு. ரியூப்லெஸ் ரயர் போட்டால் ரியூப் செலவு மிச்சம்தானே?

இல்லை ஐயா. கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பி முனைக்கும் ஒரு துளை இருக்கிறது. காற்று அவ்வழியே போய்விடும். உங்களுக்கு ரியூப்தான். ரயர் மாற்றும்போது ரியூப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய ரியூப் நீண்டிருக்கும், புது ரயருக்குள் மடிந்து வெடிக்கும்.

காரைநகரிலிருந்து: நீங்கள் எல்லோரும் மாற்றிவிட்டுப் போவீர்கள். பழைய ரயர்களை யார் அள்ளுவது?

நியாயமான கோபம். கொண்டுவந்தவரே கட்டிக்கொண்டு போக வேண்டும். புது ரயர் வந்த இடத்தில் பழையது போகும், கயிறும் கூடவே இருக்கிறது. கடற்கரையில் எரிப்பதற்கும் பற்றைக்குள் எறிவதற்கும் இடமில்லை. மாரி தொடங்கினால் ரயருக்குள் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு பெருகுகிறது. சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வந்தால் முதலில் தேடுவதும் அதைத்தான். பழைய ரயரை எடுத்துக்கொள்ளும் கடைகள் யாழ்ப்பாண நகரில் இருக்கின்றன. போகும் வழியில் கேட்டுக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் உருட்டி விளையாடக் கேட்டால் ஒன்றைக் கொடுங்கள், பக்கச்சுவரில் தண்ணீர் வடிய நான்கு துளை போட்டுவிட்டு.