லண்டனில் பிள்ளை, வன்னியில் பெற்றோர்: மனநலச் சிகிச்சைக்காகத் தடுத்துவைக்கப்பட்டவரின் உறவினருக்கு என்ன உரிமை?

பதினொரு ஆண்டுகள் லண்டன் மருத்துவமனைகளிலும் மனநலத் தீர்ப்பாயங்களிலும் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்துவிட்டு, இப்போது கிளிநொச்சியில் வசிக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லள். ஆனால் இந்தச் சட்டத்தின் பிரிவுகளை நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி நூற்றுக்கணக்கான தடவை தமிழில் சொல்லியிருக்கிறேன். வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தைப் பற்றியவை என்பதால், அங்கும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தை வைத்தே பதில் எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தின் சட்டம் வேறு.

தருமபுரத்திலிருந்து ஒரு தாயார்: என் மகனுக்கு வயது 31. லண்டனில் தனியாக இருந்தவன். தெருவில் நின்று கத்தினான் என்று பொலிசார் பிடித்து ஆஸ்பத்திரியில் விட்டார்களாம். நான் போன் எடுத்தால், "உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்கள். பெற்ற தாய்க்கு உரிமை இல்லையா?

அம்மா, உங்கள் மகன் குற்றவாளியாகப் பிடிக்கப்படவில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, உடனடி உதவி தேவைப்படுகிறவராகத் தோன்றும் ஒருவரைப் பொலிசார் பாதுகாப்பான இடமொன்றுக்குக் கொண்டுபோகலாம். அங்கே 24 மணித்தியாலமும், மருத்துவர் நீட்டினால் மேலும் 12 மணித்தியாலமும் மட்டுமே வைத்திருக்கலாம். அதற்குள் அவரைப் பரிசோதித்து, தேவையென்றால் 2ஆம் பிரிவின் கீழ் 28 நாட்கள் வரையோ, 3ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதங்கள் வரையோ மருத்துவமனையில் தடுத்துவைக்கலாம். நம்மவர்கள் "செக்சன் பண்ணிவிட்டார்கள்" என்று சொல்வது இதைத்தான். 28 நாட்கள் என்றால் 28 நாளும் உள்ளே இருக்க வேண்டும் என்று பொருளல்ல. அது உச்ச வரம்பு. நிலைமை தேறினால் மருத்துவர் முன்னதாகவே விடுவிக்கலாம்.

உங்கள் கேள்விக்கான பதில் கசப்பானது. சட்டம் "நெருங்கிய உறவினர்" என்று ஒரேயொருவரை அடையாளம் காண்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை, பெற்றோரின் சகோதரர், சகோதரரின் பிள்ளை என்று 26ஆம் பிரிவில் ஒரு வரிசை உண்டு. மணமாகாத உங்கள் மகனுக்கு அந்த வரிசைப்படி பெற்றோரே வர வேண்டும். ஆனால் நோயாளி ஐக்கிய இராச்சியத்தில் வழக்கமாக வசிப்பவராக இருந்தால், அந்நாட்டிலோ அதைச் சேர்ந்த தீவுகளிலோ வசிக்காத உறவினரை வரிசையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இரத்தம் சரியாக இருந்தாலும் முகவரி பிழைத்துவிடுகிறது. தருமபுரத்தில் இருக்கும் தாயை விட்டுவிட்டு, சட்டம் லண்டனில் யார் இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கும்.

இனி, தொலைபேசியில் கேட்ட மறுப்பைப் பற்றி. தாதியைக் கட்டுப்படுத்துவது நோயாளியின் இரகசியம். அது அவர் உங்களுக்கு என்ன சொல்லலாம் என்பதைத்தான் தடுக்கிறது. நீங்கள் சொல்வதை அவர் கேட்பதைத் தடுப்பதில்லை. ஆகவே, "எனக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று தொடங்காமல், "என் மகனைப் பற்றி நான் சில விடயங்கள் சொல்ல வேண்டும், தமிழ் உரைபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். அதன்பின், தாயோடு தகவல் பகிர மகனுக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்டுப் பதிவுசெய்யுமாறு சொல்லுங்கள். முதல் வாரத்தில் "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் பலர். மூன்றாம் வாரத்தில் அவர்களே அம்மாவின் இலக்கத்தைத் தேடுவார்கள். எனவே மீண்டும் கேட்கச் சொல்வதில் தவறில்லை.

பரந்தன்: அப்படியென்றால் லண்டனில் என் தம்பிக்கு நெருங்கிய உறவினர் யார்? எங்கள் சித்தப்பாவின் மகன் அங்கே இருக்கிறார். எங்களுக்கு அவர் கூடப்பிறந்த தம்பி மாதிரித்தான்.

இந்த இடத்தில்தான் நம்முடைய உறவுமுறையும் ஆங்கிலச் சட்டமும் முட்டிக்கொள்கின்றன. நமக்குச் சித்தப்பாவின் மகன் தம்பி, பெரியம்மாவின் மகள் அக்கா. சட்டம் அவர்களை அப்படிப் பார்க்காது. மேலே சொன்ன வரிசையில் அவர்களுக்கு இடமே கிடையாது. சித்தப்பா அங்கே வசித்தால் அவர் வரிசையில் வருவார், அவருடைய மகன் வரமாட்டார். தாயின் சகோதரரான மாமா வருவார். அவரை மணந்ததனால் மட்டுமே உறவான மாமி வரமாட்டார். ஒரு வார்டில் "இவர் என் அண்ணா" என்று நோயாளி சொன்னதை நான் "சகோதரர்" என்று மொழிபெயர்த்துவிட்டு, பிறகு பெரியப்பாவின் மகன் என்று தெரியவந்ததும் படிவத்தைத் திருத்த ஓடிய நாள் எனக்கு மறக்கவில்லை. அதன்பின் எவர் அண்ணா என்று சொன்னாலும், "ஒரு வயிற்றுப் பிள்ளைகளா?" என்று கேட்காமல் நான் வாய் திறந்ததில்லை.

நண்பர்களுக்கு ஒரு வாசல் உண்டு. நோயாளியோடு ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒன்றாக வசித்துவந்தவர், இரத்த உறவே இல்லாவிட்டாலும் உறவினராகக் கருதப்படலாம். ஆகவே தம்பி யாரோடு, எத்தனை ஆண்டுகளாக இருந்தார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். தெரிவு உங்களுடையதும் அல்ல, தம்பியுடையதும் அல்ல. தடுத்துவைப்பதற்கு விண்ணப்பிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மனநல அலுவலர் ஒருவர் சட்டப்படி அதைத் தீர்மானிப்பார். ஒருவருமே கிடைக்காவிட்டால், பொருத்தமானவரை நியமிக்குமாறு கவுன்ரி நீதிமன்றத்தை (அங்குள்ள சிவில் நீதிமன்றம்) கேட்கலாம்; சித்தப்பாவின் மகனையும் அந்த வழியில் நியமிக்க முடியும். நோயாளியே தமக்கு விருப்பமானவரைப் பெயரிட வழிசெய்யும் சட்டமூலம் 2024 நவம்பரில் பிரபுக்கள் சபையில் முன்வைக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்களுக்கு அது நல்ல மாற்றம் என்பது என் எண்ணம்.

புதுக்குடியிருப்பு: என் தம்பியை அவருடைய மனைவி கையெழுத்து வைத்து உள்ளே போட்டுவிட்டார். மூன்று மாதமாகிறது. அவரை வெளியே எடுக்க எங்கள் மச்சாளுக்கு அதிகாரம் உண்டாம், ஆனால் செய்ய மாட்டேன் என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

ஐயா, உங்கள் மச்சாள் கையெழுத்து வைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 3ஆம் பிரிவுக்கான விண்ணப்பத்தை அநேகமாக எப்போதும் மனநல அலுவலரே, இரண்டு மருத்துவர்களின் பரிந்துரையோடு செய்கிறார். அதற்கு முன் நெருங்கிய உறவினரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அவர் எதிர்த்தால் அலுவலரால் தொடர முடியாது. உங்கள் மச்சாள் எதிர்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் எதிர்த்திருந்தாலும், அது நியாயமற்ற எதிர்ப்பு என்று கவுன்ரி நீதிமன்றத்துக்குப் போய் அவரை அந்த இடத்திலிருந்து நீக்கக் கேட்க முடியும்.

வெளியே எடுக்கும் அதிகாரம் உண்மைதான். நெருங்கிய உறவினர் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் 72 மணித்தியால முன்னறிவித்தல் கொடுத்து விடுவிப்புக்குக் கட்டளையிடலாம். அந்த மூன்று நாட்களுக்குள், விடுவிக்கப்பட்டால் இவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்தான விதத்தில் நடந்துகொள்ளக்கூடும் என்று பொறுப்பு மருத்துவர் அறிக்கை கொடுத்தால் கட்டளை செல்லாது. அடுத்த ஆறு மாதங்களுக்கு மறுபடி கட்டளையிடவும் முடியாது. 3ஆம் பிரிவாக இருந்தால், அப்படித் தடுக்கப்பட்ட நெருங்கிய உறவினர் 28 நாட்களுக்குள், தடுத்துவைப்புச் சரியா என்று விசாரிக்கும் மனநலத் தீர்ப்பாயத்துக்கு முறையிடலாம். மருத்துவர் எழுத வேண்டியது நோய் இருக்கிறது என்பதை அல்ல, ஆபத்து இருக்கிறது என்பதை. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் இந்த அதிகாரம் மச்சாளுடையது, உங்களுடையது அல்ல. கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் தம்பி கதவைத் திறந்து வெளியே ஓடியபோது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவர் மச்சாள். ஊரிலிருந்து ஐந்து பேர் மாறி மாறி வட்ஸ்அப்பில் ஏசுவதால் மச்சாள் விடுவிப்புக் கடிதம் எழுதமாட்டார், தொலைபேசியை நிறுத்திவிடுவார். அப்போது உங்களுக்குத் தம்பியைப் பற்றிச் செய்தி வரும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். தம்பிக்கும் சொந்த உரிமை உண்டு: முதல் ஆறு மாதங்களுக்குள் ஒரு தடவை தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குச் சட்ட உதவித் திட்டத்தில் இலவசமாகச் சொலிசிற்றர் கிடைப்பார். அதைப் பற்றித் தம்பியிடமே கேளுங்கள்.

விசுவமடு: தீர்ப்பாயத்துக்கு நாங்கள் இங்கிருந்து கடிதம் அனுப்பலாமா? சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமா?

அனுப்பலாம், நோயாளியின் சம்மதத்தோடு சொலிசிற்றர் மூலம் அனுப்புவது நல்லது. முத்திரையும் தேவையில்லை, சமாதான நீதவானும் தேவையில்லை. நம் ஊரில் கடதாசிக்கு இறப்பர் முத்திரை விழாவிட்டால் உயிரே இல்லை என்பது வேறு கதை. தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதியும் ஒரு மருத்துவரும் மருத்துவரல்லாத அனுபவசாலி ஒருவரும் என்று மூவர் அமர்வார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விடயங்கள்.

எப்படிப்பட்ட விடயங்கள் என்று காட்ட ஒரு சம்பவத்தை, ஆளை அறிய முடியாதபடி மாற்றிச் சொல்கிறேன். சாப்பாட்டுத் தள்ளுவண்டி வார்டு வாசலின் இரும்புத் தகட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு இளைஞர் கட்டிலுக்குக் கீழே புகுந்து காதைப் பொத்திக்கொள்வார். இல்லாத சத்தங்கள் கேட்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். அவருடைய தாயார் முல்லைத்தீவிலிருந்து தொலைபேசியில் சொன்ன பிறகுதான், 2009இல் போரின்போது மாத்தளனில் பங்கருக்குள் இருந்தபோது தகப்பன் தண்ணீர் எடுக்க வெளியே போனதும், செல் (எறிகணை) விழுந்ததும், அப்போது பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்பதும் மருத்துவருக்குத் தெரியவந்தன. அவருக்கு வேறு நோய்க்குறிகளும் இருந்தன. அவர் உடனே விடுவிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு திருத்தி எழுதப்பட்டது, சிகிச்சையும் மாறியது. அந்தத் தாயார் சட்டப்படி யாரும் அல்லர்.

ஆகவே கடிதத்தில், "என் பிள்ளை தங்கமான பிள்ளை" என்று மூன்று பக்கம் எழுதாதீர்கள். எந்த ஆண்டில் என்ன நடந்தது, முதலில் எப்போது நித்திரை கெட்டது, இங்கே எந்த மருந்து குடித்தார், அது ஒத்துவந்ததா, கோவிலில் கழிப்பு (தோஷம் நீக்கும் சடங்கு) செய்தீர்களா, அதன்பின் எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். கழிப்புச் செய்ததை மறைக்க வேண்டியதில்லை.

முழங்காவில்: மகனுக்கு அங்கே வதிவிட உரிமை இல்லை. ஊருக்கே கொண்டுவந்துவிட முடியாதா?

சட்டத்தின் 86ஆம் பிரிவு இதற்கு உண்டு. அங்கே வசிக்கும் உரிமையற்ற, தடுத்துவைக்கப்பட்டுச் சிகிச்சை பெறும் ஒருவரை, இங்கே அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் ஒழுங்குசெய்யப்பட்டிருந்தால், அது அவருடைய நலனுக்கு உகந்தது என்றால், தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு அமைச்சர் அனுப்பிவைக்கலாம். "ஒழுங்குசெய்யப்பட்டிருந்தால்" என்ற சொல்தான் கனமானது. முதலில் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போய், அவர் அங்கே எடுக்கும் மருந்தும் மாதாந்த ஊசியும் இங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். புகலிட வழக்கு இருந்தால், அந்தச் சட்டத்தரணிக்குத் தெரியாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

நெடுங்கேணி: என் தங்கை சுவிசில் இருக்கிறாள். அங்கேயும் இதே கதையா?

இல்லை, அங்கே உங்களுக்குக் கொஞ்சம் இடமுண்டு. சுவிஸ் சிவில் சட்டக்கோவையின்படி, மருத்துவர் கட்டளையிட்டு மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்ப்பது ஆறு வாரங்களுக்கு மேல் நீளாது. நோயாளியோ அவருக்கு நெருக்கமானவரோ 10 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு எழுத்தில் முறையிடலாம். பட்டியலும் வரிசையும் இல்லை, உண்மையில் நெருக்கமா என்பதுதான் கேள்வி. தங்கை தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணையாகப் பெயரிடவும் முடியும்.

மாங்குளம்: இங்கே, நம் நாட்டில், உறவினரின் உரிமை என்ன?

இங்கே அடிப்படைச் சட்டம் 1873இல் வந்தது. 1956இல் திருத்தப்பட்டு உளநோய்கள் கட்டளைச் சட்டம் என்று பெயர் மாறியது. ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பை அது மாவட்ட நீதிமன்றத்திடம் கொடுக்கிறது. ஆனால் நடைமுறையில், குடும்பம் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் வார்டில் விடுகிறது, குடும்பமே திரும்பக் கூட்டிவருகிறது. நடுவில் நோயாளியைக் கேட்பவர் குறைவு. அங்கே தாய்க்கு ஒன்றுமில்லை என்று கோபப்படுகிற நாம், இங்கே பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

வற்றாப்பளையிலிருந்து ஒரு அம்மம்மா: அம்மனிடம் மந்திரித்த நூலைப் பேரனுக்கு அனுப்பினேன். வார்டில் கழற்றி எடுத்துவிட்டார்களாம். அதைக் கேட்டு வாங்க உரிமை உண்டா?

அம்மம்மா, அந்த வார்டுகளில் கயிறு, நாடா, நீண்ட மின்வயர் எதையும் விடமாட்டார்கள். ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொள்வார் என்ற பயம். பேரனின் பொருட்களோடு அது ஓர் உறையில் பெயரெழுதி வைக்கப்பட்டிருக்கும், போகும்போது கொடுப்பார்கள். விபூதியை நான் பல பேருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சிறிய பொட்டலமாக, பிளாஸ்ரிக் பையில் போடாமல் கடதாசியில் மடித்து, இது நெற்றியில் பூசும் சாம்பல் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். எழுதாமல் அனுப்பினால் போதைப்பொருளோ என்று பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள்.